இடிந்த வீட்டுக் கதவை நாம் ஏன் கழற்றி வந்தோம்?

மூன்றாம்_முயற்சி (ஓல்டு ராஜிந்தர் நகர்), இரவு 12.40

எல்லோருக்கும் வணக்கம். இந்த நேரத்தில் இப்படி ஒரு கேள்வியோடு வருவதற்கு மன்னிக்கவும், தூக்கம் வரவில்லை. சிவில் சர்வீஸ் தேர்வுக்கான பாலிட்டி (அரசியலமைப்புப் பாடம்) நோட்ஸ் புரட்டிக்கொண்டிருந்தேன். எந்த நாட்டிலிருந்து நம் அரசியலமைப்புக்கு எதை எடுத்தோம் என்று ஒரு அட்டவணை வருமே, பிரிட்டனிலிருந்து நாடாளுமன்ற முறை, அயர்லாந்திலிருந்து வழிகாட்டு நெறிகள் என்று, அதில் ஒரு வரி: ஜெர்மனியின் வைமார் அரசியலமைப்பிலிருந்து, அவசரநிலையில் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடு. மூன்று வருஷமாக இதை மனப்பாடம் செய்து வருகிறேன், இன்றைக்குத்தான் உறைத்தது. வைமார் என்பது பதினான்கே வருஷத்தில் ஹிட்லர் கையில் போய் விழுந்த குடியரசு இல்லையா? இடிந்து விழுந்த வீட்டிலிருந்து கதவைக் கழற்றி வந்து யாராவது புது வீட்டுக்கு மாட்டுவார்களா? அதுவும் திருடன் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தான் என்று தெரிந்த பிறகு?

கோச்சிங்கில் கேட்டேன், 'இது பிரிலிம்ஸுக்கு வராது, அடுத்த தலைப்புக்குப் போகலாம்' என்றார்கள். ரூம்மேட் சொல்வது வேறு: பணவீக்கம் வந்தது, ஜனங்கள் வெறுத்துப்போனார்கள், ஹிட்லருக்கு மெஜாரிட்டி கொடுத்தார்கள், கதை முடிந்தது. அவ்வளவுதானா?

நொய்டா_செக்டார்62, இரவு 12.58

தம்பி, ரூம்மேட் சொன்னதில் என்ன தப்பு? ஏகப்பட்ட கட்சி, நாளைக்கு ஒரு ஆட்சி, யார் பேச்சையும் யாரும் கேட்பதில்லை. வீட்டில் பத்து பேர் பத்து பக்கம் இழுத்தால் யாராவது ஒருத்தர் குச்சியை எடுக்கத்தான் வேண்டும். சர்வாதிகாரம் நல்லது என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச காலம் கண்டிப்பான ஆள் ஒருத்தர் வந்து ஒழுங்கு பண்ணிவிட்டுப் போனால் என்ன என்றுதான் கேட்கிறேன். எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு ஓடியது என்று எங்கள் அப்பாவே சொல்வார்.

முனீர்கா_மாடி, காலை 7.15

டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ரூம்மேட் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம். கூடை நிறைய நோட்டு கொடுத்து ரொட்டி வாங்கிய அந்தப் பணவீக்கம் 1923. அந்த வருஷ முடிவிலேயே புது நாணயம் வந்து அடங்கிவிட்டது. அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1928 தேர்தலில், நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம், 12 இடம். நம் ஊர் கணக்கில் டெபாசிட் போன கட்சி. பணவீக்கம்தான் காரணம் என்றால் அப்போதே வந்திருக்க வேண்டும். அவர்களைத் தூக்கிவிட்டது 1929க்குப் பிறகு வந்த மந்தம். 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர். பணம் மலிந்ததால் வந்த ஆத்திரம் அல்ல, பணமே கண்ணில் படாததால் வந்த ஆத்திரம்.

அப்புறம் மெஜாரிட்டி. சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் ஹிட்லருக்குப் பாதி ஓட்டு விழுந்ததே இல்லை. உச்சம் 1932 ஜூலையில் 37.3 சதவீதம். அதே வருஷம் நவம்பரில் 33.1க்கு இறங்கிவிட்டது, கட்சி கடனில் முழுகிக் கிடந்தது. இறங்குமுகத்தில் இருந்த ஆளைத்தான் 1933 ஜனவரி 30 அன்று கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜனங்கள் கதவை உடைக்கவில்லை, உள்ளே இருந்தவர்கள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் வைமார் செத்தது 1933இல் இல்லை, 1930இல். அந்த மார்ச்சில் பெரும்பான்மை பலத்தோடு இருந்த கடைசிக் கூட்டணி ஆட்சி கவிழ்ந்தது. எதற்காக? வேலையில்லாதோர் காப்பீட்டுச் சந்தாவை மூன்றரை சதவீதத்திலிருந்து நாலாக உயர்த்துவதா என்ற சண்டை. அரை சதவீதம்! அடுத்து சான்சலராக (நம் பிரதமர் மாதிரி) வந்த புரூனிங் கெட்டவர் அல்ல, சிக்கனமான, கத்தோலிக்க, கணக்குப் பிள்ளை மாதிரியான மனிதர். அவருடைய பட்ஜெட்டை நாடாளுமன்றம் ஏற்கவில்லை. வைமார் அரசியலமைப்பின் 48ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் அவசர ஆணையாக அதைக் கொண்டுவந்தார். ஆணையை ரத்து செய்ய நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு, ரத்தும் செய்தது. உடனே நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டார்கள். செப்டம்பரில் தேர்தல், நாஜிகள் 12இலிருந்து 107. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

அதற்குப் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. 1930இல் ஜெர்மன் நாடாளுமன்றம் 98 சட்டங்களை நிறைவேற்றியது. 1932இல் 5. 1930இல் 94 நாள் கூடியது, 1932இல் 13 நாள். மற்றதெல்லாம் கிழவர் ஹிண்டன்பர்க்குடைய கையெழுத்தில் ஓடியது. ஹிட்லர் வருவதற்கு முன்பே நாடாளுமன்றம் இல்லாமல் நாட்டை நடத்திக் காட்டிவிட்டார்கள், அதுவும் நல்லவர்கள், நல்ல நோக்கத்தோடு. வந்தவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

நொய்டா_செக்டார்62, காலை 8.02

நல்ல பதிவு சார். ஆனால் நீங்கள் சொல்வதிலேயே என் பதில் இருக்கிறது. அங்கே 60,000 ஓட்டுக்கு ஒரு சீட் என்ற விகிதாசார முறை. அதனால்தான் உதிரிக் கட்சிகள், அதனால்தான் ஆட்சி நிற்கவில்லை. நம்மைப் போல தொகுதி முறை இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

முனீர்கா_மாடி, காலை 8.10

நம் முறை இருந்திருந்தால் 1932 ஜூலையிலேயே, 37 சதவீதத்தை வைத்து, தனிப் பெரும்பான்மையே வந்திருக்கலாம். 1971இல் இந்திரா காங்கிரஸ் வாங்கியது 43.7 சதவீதம், கிடைத்தது 352 இடம். எமர்ஜென்சி வந்தது தொங்கு நாடாளுமன்றத்திலா?

மயூர்விஹார்_வக்கீல், காலை 9.30

கோர்ட்டுக்குப் போகும் வழியில், ப்ளூ லைன் மெட்ரோவில் நின்றுகொண்டே தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்_முயற்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தச் சந்தேகம் உனக்கு மட்டும் வந்ததல்ல தம்பி (தங்கையா?). 1949இல் அரசியல் நிர்ணய சபையிலேயே எச்.வி. காமத் எழுந்து, இந்த அத்தியாயத்துக்குக் கிட்டத்தட்ட ஒப்பாக இருப்பது வைமார் அரசியலமைப்புதான், அதே பிரிவுகளை வைத்துத்தான் ஹிட்லர் அதை ஒழித்தான் என்று பேசியிருக்கிறார். மாட்டும்போதே தெரிந்துதான் மாட்டினார்கள். அது பிரிவினை நடந்த நேரம், காந்தியைச் சுட்டுக் கொன்று இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஹைதராபாத், காஷ்மீர். கதவே வேண்டாம் என்று சொல்கிற தைரியம் அன்றைக்கு யாருக்கும் இருந்திருக்காது.

கதவு இருப்பது பிரச்சினை இல்லை என்பது என் கட்சி. 48ஆம் பிரிவை எடுத்துப் பார். எந்தெந்த உரிமைகளை நிறுத்தலாம் என்று அதில் எண்ணி ஏழு பிரிவுகளைக் குறிப்பிட்டிருந்தார்கள். விவரங்களைத் தனிச் சட்டம் வரையறுக்கும் என்று கடைசியில் ஒரு வரியும் உண்டு. அந்தத் தனிச் சட்டம் வரவே இல்லை. 1919இலிருந்து 1933 வரை யாரும் எழுதவில்லை. முதல் குடியரசுத் தலைவர் ஏபர்ட் சமூக ஜனநாயகவாதி, குடியரசைக் காப்பாற்றவே அந்தப் பிரிவை நூறு தடவைக்கு மேல் பயன்படுத்தினார். காப்பாற்றவும் செய்தார். அதனால், எல்லை போட வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை போல. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், 1933 பிப்ரவரி 28, ஒரு ஆணை வந்ததே, அது நிறுத்திவைத்தது அதே ஏழு உரிமைகளைத்தான். பட்டியல் தயாராக இருந்தது, தேதி போடுவதுதான் பாக்கி.

ராஜீவ் சௌக் வந்துவிட்டது, கூட்டம். மீதி மதியம்.

துவாரகா_செக்டார்6, காலை 10.05

வக்கீல் அக்கா சொன்ன 'எழுதாமல் விட்ட சட்டம்' படித்ததும் துனிசியா ஞாபகம் வந்தது. 2011 புரட்சிக்குப் பிறகு 2014இல் அருமையான அரசியலமைப்பு எழுதினார்கள். அதில் ஒரு அரசியலமைப்பு நீதிமன்றம் உண்டு. ஆனால் நீதிபதிகளை யார் போடுவது என்று கட்சிகள் ஏழு வருஷம் அடித்துக்கொண்டதில் அந்தக் கோர்ட் பிறக்கவே இல்லை. 2021 ஜூலை 25 அன்று ஜனாதிபதி காயிஸ் சயீத், அவசர அதிகாரம் தரும் 80ஆம் பிரிவைக் காட்டி நாடாளுமன்றத்தை முடக்கினார். அந்தப் பிரிவு இப்படிச் செய்ய அனுமதிக்கிறதா என்று கேட்க ஒரு கோர்ட் வேண்டுமே, அது இல்லை. அவர் அரசியலமைப்புச் சட்டம் கற்றுக்கொடுத்த வாத்தியார் என்பது தனிச் சிறப்பு. அன்றைக்கு ராத்திரி துனிஸ் தெருவில் ஜனங்கள் ஹாரன் அடித்துக் கொண்டாடியதை டிவியில் பார்த்தேன், நானே 'பரவாயில்லையே' என்று நினைத்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஜனக்புரி_காரன், காலை 11.20

எல்லோரும் ஜெர்மனிக்குப் போகிறீர்கள், நம் பக்கத்து வீட்டை விட்டுவிட்டீர்கள். பர்மா.

எங்கள் அப்பத்தா ரங்கூனில் பிறந்தவர். அவருடைய அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போய் அங்கே சின்னதாக மளிகைக்கடை வைத்திருந்தவர் (செட்டியார் பெட்டியடி எல்லாம் இல்லை, அரிசி பருப்புதான்). நொய்டாக்காரர் சொன்ன 'கொஞ்ச காலம் கண்டிப்பான ஆள்' கதை அங்கே அப்படியே நடந்தது, அதனால் சொல்கிறேன். 1948இல் சுதந்திரம். பத்து வருஷத்தில் ஆளுங்கட்சி இரண்டாகப் பிளந்து அடித்துக்கொண்டது. பிரதமர் ஊ நு தானே போய் ராணுவத் தளபதி நே வின்னிடம், நீங்கள் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 1958இல் ஆட்சியைக் கொடுத்தார். அப்பத்தா சொல்வார், தெருவெல்லாம் பளிச்சென்று ஆனது, குப்பை மலைகள் காணாமல் போயின, கடையில் விலைப்பட்டியல் தொங்கவிடாவிட்டால் தொலைந்தோம். குடிசைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கொள்ளுத் தாத்தாவுக்கு நே வினைப் பிடித்துப்போய்விட்டது.

முக்கியமானது இனிமேல்தான். 1960இல் நே வின் சொன்னபடியே தேர்தல் நடத்தி, ஆட்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்! ஊ நு பெரிய வெற்றி பெற்றார். உலகமே பாராட்டியது. இரண்டு வருஷம் கழித்து, 1962 மார்ச் 2 விடியற்காலை, அதே ஆள் டாங்கியோடு வந்தார், இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. ஒரு தடவை வாங்கின கடனை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவனை யார் சந்தேகப்படுவார்கள்? ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டார்கள், மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அப்போதும் கொள்ளுத் தாத்தா, 'பசங்க சும்மா இருந்திருக்கலாம்' என்றாராம். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அரிசி மூட்டைக்கு அடியில் அவர் வைத்திருந்ததெல்லாம் நூறு நூறாகத்தான். கப்பலேறும்போது அப்பத்தாவின் காதில் கிடந்ததையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். சென்னை பர்மா பஜாரில் அத்தோ சாப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்த விலைப்பட்டியல்தான் நினைவுக்கு வரும்.

இப்போது நான் இருக்கும் ஜனக்புரியிலிருந்து கொஞ்ச தூரம் போனால் விகாஸ்புரி. பர்மாவிலிருந்து வந்த சின் அகதிகள் வாடகைக்கு இருக்கிறார்கள், சாயங்காலம் சந்தை முடிகிற நேரத்துக்குக் காய்கறி வாங்க வருவார்கள், அப்போதுதான் விலை குறையும். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த ஒரு விடியற்காலை இன்னும் முடியவில்லை.

நொய்டா_செக்டார்62, மதியம் 12.40

இது எனக்குத் தெரியாது. ஊ நு தானே கூப்பிட்டுக் கொடுத்தார் என்பது உண்மையிலேயே புதிது.

மயூர்விஹார்_வக்கீல், மதியம் 1.50

கேன்டீனில் இருக்கிறேன், ராஜ்மா சாவல் வருவதற்குள் மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

பாகிஸ்தானிலும் இதே பாடம்தான், அங்கே என் தொழில்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1954இல் கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது அரசியல் நிர்ணய சபையையே கலைத்தார். சபாநாயகர் தமீசுத்தீன் கான் சிந்து நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தார். மேல்முறையீட்டில் தலைமை நீதிபதி முனீர் அதைப் புரட்டிப் போட்டார். அப்புறம் 'அவசியம் கருதிச் செய்தால் அது சட்டப்படி செல்லும்' என்று ஒரு கோட்பாடு வந்தது. ஜெனரல் வருவதற்கு முன்பே நீதிபதி பாய் விரித்துவிட்டார். 1958 அக்டோபர் 7இல் ஜனாதிபதி இஸ்கந்தர் மிர்சா ராணுவச் சட்டம் கொண்டுவந்து அயூப் கானை நிர்வாகியாகப் போட்டார். 20 நாள் கழித்து அயூப் மிர்சாவையே நாட்டைவிட்டு அனுப்பினார். ஜனங்களுக்கு நேரடிப் பொதுத்தேர்தல் முதன்முதலாகக் கிடைத்தது 1970இல்.

ஜெர்மன் நீதிபதிகளும் சளைத்தவர்கள் இல்லை. 1923இல் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்க முயன்ற ஹிட்லருக்கு ஐந்து வருஷம் தீர்ப்பு, 1924 டிசம்பரிலேயே விட்டுவிட்டார்கள். அவன் அன்றைக்கு ஆஸ்திரியக் குடிமகன், சட்டப்படி நாடு கடத்தியிருக்க வேண்டும். இவ்வளவு ஜெர்மானிய உணர்வு உள்ளவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது.

நம் கதையும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1976 ஏப்ரல் 28, ஜபல்பூர் வழக்கு. எமர்ஜென்சியில் ஒருவரைக் காரணமில்லாமல் பிடித்துப் போட்டால் ஆட்கொணர்வு மனு போட முடியுமா என்பது கேள்வி. ஐந்தில் நாலு நீதிபதிகள் முடியாது என்றார்கள். மறுத்த எச்.ஆர். கன்னாவைத் தாண்டி அடுத்த ஜனவரியில் ஜூனியரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள், அவர் ராஜினாமா செய்தார். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் தூக்கி எறிய 2017 ஆனது. எறிந்தவர்களில் ஒருவர், அந்த நாலு பேரில் ஒருவருடைய மகன்.

முனீர்கா_மாடி, மதியம் 2.25

ஒன்றை விட்டுவிட்டேன், தமிழர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. 1932 ஜூலை 20. பிரஷ்யா என்பது ஜெர்மனியின் மாநிலங்களில் ஒன்றுதான், ஆனால் நாட்டு ஜனத்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு அங்கே. அங்கே சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சி, பெரிய போலீஸ் படை அதன் கையில். மத்தியில் சான்சலராக இருந்த பாப்பன், ஒரு தெருக்கலவரத்தைக் காட்டி, 48ஆம் பிரிவின்படி மாநில ஆட்சியைக் கலைத்தார். மாநில ஆட்சியைக் கலைக்க உதவும் நம் 356ஆம் பிரிவை அப்படியே ஜெர்மனில் படித்த மாதிரி இருக்கும். மந்திரிகள் வீட்டுக்குப் போனார்கள், கட்சி வழக்குப் போட்டது, அக்டோபரில் பாதி இவர்களுக்குப் பாதி அவர்களுக்கு என்று ஒரு தீர்ப்பு வந்தது, அதற்குள் நாற்காலியெல்லாம் மாறிவிட்டது. ஆறு மாதம் கழித்து அந்தப் போலீஸ் படையின் சாவி யார் கைக்குப் போனது தெரியுமா, நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங். பிப்ரவரியிலேயே தன் கட்சிக் குண்டர்களையும் கூட்டாளிகளையும் சேர்த்து 50,000 பேரைத் துணைப் போலீஸ் ஆக்கிவிட்டார். பாப்பன் தனக்கென்று பறித்த சாவி அது. ஹிட்லரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நாமே ஆளலாம், இரண்டு மாதத்தில் மூலையில் ஒதுக்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததும் இதே பாப்பன்தான். அந்த மந்திரிசபையில் ஹிட்லரைத் தவிர நாஜிகள் இரண்டே பேர், அதை நம்பினார்.

ஜனவரி 30இலிருந்து மார்ச் 23 வரை எண்ணிப் பாருங்கள், 52 நாள். கட்டடம் எரிந்துவிட்டதால் ஒரு ஆப்பரா அரங்கில் நாடாளுமன்றம் கூடியது, வாசலிலும் உள்ளேயும் பழுப்புச் சட்டைக்காரர்கள், நாஜிக் கட்சியின் குண்டர் படை. 81 கம்யூனிஸ்ட் உறுப்பினர்களில் ஒருவரைக்கூட உள்ளே விடவில்லை. தானே சட்டம் போடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கும் மசோதா, ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தது சமூக ஜனநாயகக் கட்சி மட்டும். அதன் தலைவர் ஓட்டோ வெல்ஸ் அந்தச் சூழலில் எழுந்து நின்று பேசியிருக்கிறார், அதை நினைத்தால் எனக்குக் கையெல்லாம் சில்லிடும். மற்ற கட்சிகள்? வாக்குறுதி வாங்கிக்கொண்டு கை தூக்கினார்கள்.

மண்டிஹவுஸ்_தோழர், மதியம் 2.40

356 என்றதும் 1976 ஜனவரி 31தான் ஞாபகம் வருகிறது, திமுக ஆட்சியைக் கலைத்த நாள். சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு சிறையில் வாங்கிய அடியில்தான் இறந்துபோனார். அதையெல்லாம் பேசுகிற நாம், இன்றைக்கு நடப்பதைப் பற்றி

நெறியாளர், மதியம் 2.52

மேலே உள்ள பதிவின் பின்பாதியை எடுத்துவிட்டேன். இன்றைய கட்சிகளை இழுக்காமல் பேசுங்கள், போன மாதம் நடந்த சண்டையே இன்னும் ஆறவில்லை.

மயூர்விஹார்_வக்கீல், மதியம் 2.55

நெறியாளர் 48ஆம் பிரிவைப் பயன்படுத்திவிட்டார். ஆணையை ரத்து செய்ய எங்களுக்கு உரிமை உண்டா, இல்லை இழையையே கலைத்துவிடுவீர்களா?

நெறியாளர், மதியம் 3.01

தனிச் சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன் மேடம்.

கரோல்பாக்_பழையவர், மாலை 5.30

எல்லாவற்றையும் காலையிலிருந்து பேரன் படித்துக் காட்டினான். எனக்கு 78 வயது. 1968இல் ஜிடி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவன், ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோ. கரோல் பாகில் அப்போது தடுக்கி விழுந்தால் தமிழ் கேட்கும். மொட்டை மாடியில் ஒரு பர்சாத்தி (ஒற்றை அறை), ஜூனில் அதில் படுக்க முடியாது.

நொய்டாத் தம்பியின் அப்பா சொன்னது பொய் இல்லை. 75 ஜூன் 26 காலையில் பேப்பர் வரவில்லை. பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் பத்திரிகை ஆபீசுகளுக்கு ராத்திரி கரண்டை நிறுத்திவிட்டார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. ஜூன் மாத டெல்லியில் கரண்ட் போவது ஒரு செய்தியா? பால் பூத் கியூவில் நின்றபோது ஒருவர் கையில் டிரான்சிஸ்டர், பிரதமர் குரல். என் முன்னால் நின்ற அம்மாள் 'பால் வருமா வராதா' என்று மட்டும் கேட்டாள். அதுதான் எனக்கு எமர்ஜென்சியின் முதல் வாக்கியம்.

முதல் மூன்று மாதம் எனக்கும் பிடித்திருந்தது. பத்து மணிக்கு எல்லாரும் சீட்டில், விலை இறங்கியது, பஸ்ஸில் 'பேச்சு குறைவு, வேலை அதிகம்' என்று எழுதியிருக்கும். ஊரிலிருந்து அண்ணா கடிதத்தில் இங்கேயும் நன்றாகத்தான் இருக்கிறது என்பார். நானும் அதையே பதில் எழுதுவேன். பிரித்துப் படிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு, நிஜமோ பொய்யோ, கையெழுத்தே அழகாகிவிட்டது எனக்கு.

76இல் அது என் மனைவி வரைக்கும் வந்தது. அவள் ஒரு பள்ளியில் டீச்சர், பள்ளியின் பெயர் வேண்டாம். ஒவ்வொரு டீச்சரும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இத்தனை 'கேஸ்' கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் சம்பளம் நிற்கும். இரண்டு மாதம் நின்றது. எங்கள் தெரு முனையில் மரத்தடியில் இஸ்திரி போடுகிறவர் ஒருவர், நாலு பிள்ளைகள். அவருடைய குடிசை இடிபட்டிருந்தது, அறுவை செய்துகொண்ட சீட்டு இருந்தால் ஊருக்கு வெளியே மனை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவராகவே வந்தார். இவள் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு டப்பா நெய்யும் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பினார்கள். நாலாம் நாள் துணி கொடுக்கப் போனவளிடம், 'பெஹன்ஜி, உங்கள் சம்பளம் வந்துவிட்டதா' என்று கேட்டார். வந்துவிட்டது. இவள் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அவரிடம் துணி கொடுக்க என்னைத்தான் அனுப்புவாள்.

நீங்களெல்லாம் நாஜி, ஜெனரல் என்கிறீர்கள். எங்களை யாரும் துப்பாக்கியைக் காட்டி மிரட்டவில்லை அப்பா. ஒரு சர்க்குலர் வந்தது, அவ்வளவுதான். பழைய டெல்லி துர்க்மான் கேட்டில் வீடு இடிப்பதை எதிர்த்தவர்களைச் சுட்டது, ஊரில் நடந்தது எல்லாம் காதோடு காதாகத்தான் தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்கும் பிடிக்காது: 77 தேர்தலில் டெல்லியின் ஏழு தொகுதியையும் ஜனதாவுக்குக் கொடுத்தோம். நம் ஊரில் காங்கிரஸ், அதிமுக கூட்டணிதான் அள்ளிக்கொண்டு போனது. அண்ணாவும் நானும் அதற்கப்புறம் அரசியலே பேசவில்லை.

நொய்டா_செக்டார்62, மாலை 6.05

ஐயா, எங்கள் அப்பா ரயிலைப் பற்றித்தான் சொன்னார். இதையெல்லாம் அவர் பார்க்கவில்லையா, சொல்லவில்லையா, இனிமேல் கேட்க முடியாது.

மூன்றாம்_முயற்சி, மாலை 6.40

தங்கைதான் அக்கா. காலையிலிருந்து லைப்ரரியில் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. எல்லா இடத்திலும் தாழ்ப்பாளை எடுத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரிலும் எடுத்தார்கள். ஆனால் 77இல் தேர்தல் வைத்தார்கள், தோற்றதும் இறங்கினார்கள். அது ஏன் இங்கே மட்டும்?

முனீர்கா_மாடி, மாலை 7.15

நேர்மையாகச் சொன்னால், அதிர்ஷ்டமும் உண்டு. ஜெயிப்போம் என்று நினைத்து வைத்தார்கள் என்பது ஒரு கட்சி. உலகம் என்ன சொல்லும் என்ற கூச்சம் என்பது இன்னொரு கட்சி. நான் பார்ப்பது இது: 1952இலிருந்து ஐந்து பொதுத்தேர்தல் நடந்து முடிந்த நாடு, ஜனங்களுக்கு ஓட்டுப் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. பாகிஸ்தானில் அயூப் வந்தபோது ஒரு பொதுத்தேர்தல்கூட நடந்திருக்கவில்லை. ஆனால் ஜெர்மானியர்களும் ஓட்டுப் போட்டுப் பழகியவர்கள்தான், அதனால் இந்தப் பதிலை முழுதாக நம்பாதே.

மயூர்விஹார்_வக்கீல், இரவு 8.20

தங்கையின் முதல் கேள்விக்குக் கணக்கை முடிக்கிறேன். கதவை நாம் தூக்கி எறியவில்லை, 1978இல் 44ஆவது திருத்தத்தில் தாழ்ப்பாளை மாற்றினோம். அவசரநிலை அறிவிக்கும் 352ஆம் பிரிவில் 'உள்நாட்டுக் குழப்பம்' என்று இருந்ததை 'ஆயுதமேந்திய கலகம்' என்று ஆக்கினார்கள். 20, 21ஆம் பிரிவுகளை (தண்டனை விஷயத்தில் பாதுகாப்பு, உயிர் மற்றும் தனிமனித சுதந்திரம்) எந்த அவசரநிலையிலும் நிறுத்த முடியாது என்றார்கள். மந்திரிசபையின் முடிவு எழுத்து மூலம் வந்தால்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். ஏனென்றால் 75இல் ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டது ராத்திரி, மந்திரிசபைக்கே சொன்னது மறுநாள் காலை ஆறு மணிக்கு. நிற்குமா என்று கேட்டால், பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது, சாவியைப் பற்றி எனக்குத் தெரியாது.

கரோல்பாக்_பழையவர், இரவு 9.10

வக்கீல் அம்மா 'எழுத்து மூலம்' என்றதும் சொல்லத் தோன்றியது. மந்திரிசபையைக் கூட்ட நேரமில்லை என்று அன்றைக்கு ராத்திரி பிரதமர் ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் அனுப்பினாரே, அதை யாரோ ஒருவர் டைப் அடித்திருக்க வேண்டும் இல்லையா. 'டாப் சீக்ரெட்' தாள் என்றால் கார்பன் எண்ணி வைப்போம், ரிப்பனைக்கூடச் சில சமயம் எடுத்துவிடுவோம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ புத்தகம் வந்துவிட்டது, நான் தேடுவது அந்த ஸ்டெனோவைத்தான். தப்பில்லாமல் அடித்திருப்பார். வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்?

மூன்றாம்_முயற்சி, இரவு 9.25

தாத்தா, ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் கோயிலுக்கு வருவீர்களா? அந்த நெய் டப்பாவைப் பற்றிப் பாட்டியிடம் கேட்கலாமா, கூடாதா என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கரோல்பாக்_பழையவர், இரவு 9.32

வருகிறோம். கேட்காதே.